180 நிமிடங்கள் ஓடும் ஒரே ஆட்டம்

கேள்வி: ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்தைச் சமீபத்தில்தான் பார்க்கத் தொடங்கினேன். லீக் சுற்று புரிகிறது. அதற்குப் பிறகு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் நாக் அவுட் ஆட்டங்கள்தான் குழப்புகின்றன. முதல் ஆட்டத்தில் வென்ற அணி அடுத்த வாரம் வெளியேறிவிடுகிறது. ஒரே ஆட்டமாக வைத்து முடிக்காமல் ஏன் இரண்டு? ‘வெளியூர் கோல்’ என்று பழைய ரசிகர்கள் பேசிக்கொள்வது என்ன? இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில் கிடைப்பது உண்மையிலேயே லாபமா? முதல் ஆட்டம் 4-0 என்று முடிந்துவிட்டால் இரண்டாவது ஆட்டத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குப் பதில் சொல்ல மற்ற மூன்றும் தேவைப்படும்.

உங்களைக் குழப்புவது ‘முதல் ஆட்டத்தில் வென்ற அணி’ என்ற பேச்சுதான். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நாக் அவுட் சுற்றில் முதலில் நடப்பது ஆட்டத்தின் முற்பாதி. அது 90 நிமிடம் ஓடும். இடைவேளை ஒரு வாரம். சில பருவங்களில் மூன்று வாரம் வரைகூட இருந்திருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதுபோல இங்கே ஊர் மாறுகின்றன. இன்னொரு 90 நிமிடம். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்து, எந்த அணியின் கணக்கு அதிகமோ அது அடுத்த சுற்றுக்குப் போகிறது. வெளியூரில் 1-0 என்று தோற்றுவிட்டு வந்த பயிற்சியாளர் பதற்றமே இல்லாமல் பேட்டி கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடைவேளை நேரத்தில் அவருடைய அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை மறந்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஓர் உதாரணம். 2019 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் அணியை ரியல் மாட்ரிட் 2-1 என்று வென்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த அணி. அதன் தலைவர் செர்ஜியோ ராமோஸ் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினார். இன்னொரு அட்டை வாங்கினால் ஓர் ஆட்டத்துக்குத் தடை என்ற நிலையில் இருந்தவர் அவர். அந்தத் தடையை அயாக்ஸுக்கு எதிரான மறு ஆட்டத்தில் கழித்துவிட்டால், காலிறுதிக்குக் கணக்கு சுத்தமாக இருக்கும். வேண்டுமென்றே வாங்கியதாகக் கருதிய யூஃபா, அதாவது ஐரோப்பியக் கால்பந்து சங்கம், தடையை இரண்டு ஆட்டங்களாக்கியது. மார்ச் 5 அன்று மாட்ரிட்டில் அவர் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்க, கீழே அவருடைய தடுப்பாட்ட வரிசையை அயாக்ஸ் இளைஞர்கள் பிய்த்து எறிந்தார்கள். 4-1. மொத்தக் கணக்கு 5-3. ராமோஸ் இடைவேளையிலேயே ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

ஏன் இரண்டு என்பதற்கு இந்தப் போட்டியின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1955இல் பிரான்சின் விளையாட்டு நாளிதழான லெக்கிப் முன்கை எடுத்து, அதன் ஆசிரியர் கேப்ரியல் ஹனோ வகுத்த திட்டத்தில் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது. 16 அணிகள், லீக் சுற்று என்று எதுவும் கிடையாது, முதல் நாளிலிருந்தே நாக் அவுட். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று லிஸ்பன் நகரில் ஸ்போர்ட்டிங் அணியும் யுகோஸ்லாவியாவின் பார்ட்டிஸான் அணியும் 3-3 என்று சமன் செய்ததுதான் இந்தப் போட்டியின் முதல் ஆட்டம். ஒவ்வொரு கிளப்புக்கும் சொந்த ஊரில் ஓர் ஆட்டமாவது கிடைத்தால்தான் டிக்கெட் வருமானம் வரும், செலவு கட்டுபடியாகும். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், அன்றைக்கு வெளியூர் என்பது உண்மையிலேயே வேறொரு உலகம். அதே முதல் பருவத்தின் காலிறுதியில் ரியல் மாட்ரிட் அணி பார்ட்டிஸானைத் தன் ஊரில் சந்தித்தது. 1955 கிறிஸ்துமஸ் நாள். 4-0 என்று எளிதாக வென்றது. அடுத்த மாதம் பெல்கிரேடுக்குப் போனபோது மைதானம் முழுக்கப் பனி. அதே வீரர்கள், அதே எதிரணி. இந்த முறை 3-0 என்று பார்ட்டிஸான் வென்றது. 4-3 என்ற மொத்தக் கணக்கில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பித்த ரியல் மாட்ரிட் அந்தக் கோப்பையையும் வென்று, அடுத்த நான்கு கோப்பைகளையும் தொடர்ச்சியாக வென்றது. பெல்கிரேடில் மட்டும் ஓர் ஆட்டம் வைத்து முடித்திருந்தால் அந்தச் சரித்திரம் தொடங்கியே இருக்காது. மாட்ரிட்டில் மட்டும் வைத்திருந்தால் பார்ட்டிஸான் எப்படிப்பட்ட அணி என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஊர் இவ்வளவு கனமாக இருக்கும்போது தராசின் இரண்டு தட்டிலும் அதை வைப்பதுதான் நியாயம். இறுதி ஆட்டத்தைப் பொது மைதானத்தில் வைத்துவிடலாம். 16 அணிகளுக்கும் அப்படி மைதானம் தேடி ரசிகர்களை நாடு நாடாக அனுப்ப முடியாது.

அடுத்த சிக்கல்: இரண்டையும் கூட்டிய பிறகும் சமமாக இருந்தால்? இந்தப் போட்டியின் விதிகள் பலமுறை மாறியது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தொடக்க காலத்தில் மூன்றாவதாக ஓர் ஆட்டம் பொது இடத்தில் நடக்கும். அதுவும் சமமானால் பூவா தலையா. கேட்க விளையாட்டாக இருக்கும், அனுபவித்தவர்களுக்கு அப்படியில்லை. 1964-65 பருவத்தில் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் காலிறுதியில் மோதின. கொலோனில் 0-0. லிவர்பூலில் 0-0. ரோட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம். கொலோன் வீரர் வொல்ஃப்காங் வேபர் கால் எலும்பு முறிந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி இல்லை. கூடுதல் நேரமும் முடிந்து 2-2. மொத்தம் 300 நிமிடங்கள் ஆடியும் முடிவு இல்லை. நடுவர், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்த வில்லை ஒன்றைச் சுண்டினார். அது சேற்றில் செங்குத்தாகச் செருகி நின்றுவிட்டது. இரு அணித் தலைவர்களும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எடுத்து மறுபடி சுண்டினார். லிவர்பூல் அரையிறுதிக்குப் போனது. வேபர் நொண்டிக்கொண்டே வெளியேறினார்.

அந்த வில்லை போன்ற ஒன்றை நம்பி முடிவெடுப்பதும், மூன்றாவது ஆட்டத்துக்குத் தேதி தேடி அலைவதும் கட்டுபடியாகவில்லை. அதற்கு மருந்தாக வந்ததுதான் வெளியூர் கோல் விதி. மொத்தக் கணக்கு சமமாக இருந்தால், எதிரணியின் ஊரில் அதிக கோல் அடித்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். 1965-66இல் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பைப் போட்டியில் அறிமுகமாகி, 1967-68இல் ஐரோப்பியக் கோப்பைக்கும் வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் நீங்கள் 2-1 என்று வென்றீர்கள். எதிரணியின் ஊரில் 1-0 என்று தோற்றீர்கள். மொத்தம் 2-2. அவர்கள் உங்கள் ஊரில் ஒரு கோல் அடித்திருக்கிறார்கள். நீங்கள் அவர்கள் ஊரில் ஒன்றும் அடிக்கவில்லை. நீங்கள் வெளியே.

விதியின் நோக்கம் நல்லது. அக்காலத்தில் வெளியூர் போகும் அணிகள் கோல் முன்னால் சுவர் எழுப்பிவிட்டு, தோல்வியைக் குறைத்துக்கொண்டு ஊர் திரும்பவே பார்த்தன. வெளியே வந்து தாக்கு, அடிக்கும் கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று ஆசை காட்டியது இந்த விதி.

ஆனாலும் இரு அணியும் வெளியூரில் ஒரே அளவு கோல் அடித்திருந்தால் மறுபடி பூவா தலையாதான். 1969 நவம்பரில் இரண்டாம் சுற்றில் கிளாஸ்கோவின் செல்டிக் தன் ஊரில் பென்ஃபிகாவை 3-0 என்று வென்றது. லிஸ்பனில் பென்ஃபிகா அதே 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது கோல் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தது. கூடுதல் நேரத்தில் கோல் இல்லை. செல்டிக் தலைவர் பில்லி மெக்நீல் நாணயம் சுண்டி வென்றார். அந்த அணி அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த பருவத்தில் பெனால்டி ஷூட் அவுட் வந்துவிட்டது. 1970 நவம்பர் 4 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், அதுவும் இரண்டாம் சுற்றுதான், எவர்ட்டனும் ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் அணியும் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஷூட் அவுட்டை ஆடின. எவர்ட்டன் அடித்த முதல் பெனால்டியே வீணானது. கடைசியில் எவர்ட்டன் கோல் கீப்பர் ஆண்டி ரேங்கின் பாய்ந்து தடுக்க, 4-3.

விதிகள் இவ்வளவு வேகமாக மாறினால் நடுவர்களே தடுமாறத்தானே செய்வார்கள்? 1971 நவம்பரில் அதுவும் நடந்தது. கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையின் இரண்டாம் சுற்றில் ரேஞ்சர்ஸ் அணி கிளாஸ்கோவில் ஸ்போர்ட்டிங்கை 3-2 என்று வென்றிருந்தது. லிஸ்பனில் 90 நிமிட முடிவில் ஸ்போர்ட்டிங் 3-2. எல்லாமே சமம். கூடுதல் நேரத்தில் இரு அணியும் ஆளுக்கு ஒரு கோல். மொத்தம் 6-6. ரேஞ்சர்ஸ் வெளியூரில் மூன்று அடித்திருக்கிறது, ஸ்போர்ட்டிங் இரண்டு. ரேஞ்சர்ஸ் அடுத்த சுற்றுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நடுவர் பெனால்டி ஷூட் அவுட்டுக்குக் கை காட்டினார். ரேஞ்சர்ஸ் வீரர்கள் அதில் தோற்றுத் தலைகுனிந்து உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். லிஸ்பன் ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கூடுதல் நேரத்தில் அடித்த கோலும் வெளியூர் கோல்தான் என்று விதிப் புத்தகத்தைக் காட்டிப் பயிற்சியாளர் வில்லி வாடல் வாதாட, முடிவு மாற்றப்பட்டது. தோற்றுவிட்டதாக நினைத்து அறைக்குள் உட்கார்ந்திருந்த அந்த அணி, 1972 மே மாதம் பார்சிலோனாவில் டைனமோ மாஸ்கோவை 3-2 என்று வென்று அந்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனது.

பழைய ரசிகர்கள் ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். இந்த விதி தந்த பரபரப்பு வேறு எதிலும் கிடையாது. 2004 மார்ச் 9 அன்று மான்செஸ்டரில் நடந்ததைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோ 2-1. மறு ஆட்டத்தில் பால் ஸ்கோல்ஸ் அடித்த கோலில் மான்செஸ்டர் யுனைடெட் 1-0. நான் மேலே போட்ட கணக்கு அப்படியே. யுனைடெட் உள்ளே, போர்ட்டோ வெளியே. ஸ்கோல்ஸின் இன்னொரு கோல் ஆஃப்சைடு என்று தவறாக மறுக்கப்பட்டது. 90வது நிமிடத்தில் போர்ட்டோவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கோல் கீப்பர் தட்டிவிட்ட பந்து காஸ்டின்யாவின் காலில் வந்து விழுந்தது. அந்த ஒரு உதையில் போர்ட்டோ உள்ளே, யுனைடெட் வெளியே. பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிய ஓட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள். அந்த ஆண்டு கோப்பையும் போர்ட்டோவுக்குத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த விதியை எடுத்தது சரி என்பதே என் உறுதியான கருத்து.

காலம் போகப் போக அது தன் நோக்கத்துக்கு நேர் எதிராக வேலை செய்தது. வெளியூர் அணியைத் தாக்கத் தூண்டுவதற்காக வந்த விதி, சொந்த ஊர் அணியைப் பயமுறுத்தத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கிவிட்டால் அது இரண்டு மடங்கு வலிக்கும் என்பதால், தன் ரசிகர்கள் முன்னாலேயே 0-0 போதும் என்று ஆடிய அணிகள் பல. இன்னொரு பக்கம், ‘வெளியூர்’ என்பதன் கனமே குறைந்துவிட்டது. விமானப் பயணம், ஒரே தரத்தில் புல்தரை, எல்லா ஆட்டமும் தொலைக்காட்சியில். யூஃபா தானே வெளியிட்ட கணக்கு இது: 1970களின் நடுப்பகுதியில் சொந்த ஊர் அணிகள் 61 விழுக்காடு ஆட்டங்களை வென்றன, வெளியூர் அணிகள் 19 விழுக்காடு. விதியை எடுக்கும் காலத்தில் அது 47, 30 என்று ஆகியிருந்தது. சராசரி கோல் கணக்கு 2.02, 0.95 என்பதிலிருந்து 1.58, 1.15 என்று நெருங்கிவிட்டது.

2021 தொடக்கத்தில் அது அபத்தமாகவே ஆகிவிட்டது. கொரோனா பயணத் தடைகளால் லைப்ஸிக், லிவர்பூல் அணிகளுக்கு இடையிலான இரு ஆட்டங்களுமே புடாபெஸ்டில் நடந்தன. மான்செஸ்டர் சிட்டி, மன்ஷன்கிளாட்பாக் ஆட்டங்களும் அதே மைதானத்தில்தான். இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஊர், ஆளில்லாத அரங்கு, ஆனால் விதிப்படி ஒரு நாள் ஒருவருடைய கோல் ‘வெளியூர் கோல்’, இன்னொரு நாள் மற்றவருடையது. 2003 அரையிறுதியிலும் இதுபோல ஒன்று நடந்தது. மிலனும் இன்டரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே மைதானத்தில் 0-0, 1-1 என்று ஆடி, ‘வெளியூரில்’ அடித்த கோலுக்காக மிலன் இறுதிக்குப் போனது. தன் சொந்த மைதானத்திலேயே.

கூடுதல் நேரத்தில்தான் அந்த விதி மிகக் கொடுமை. 2021 மார்ச் 9 அன்று டூரினில் யுவென்டஸும் போர்ட்டோவும் கூடுதல் நேரம் ஆடின. 54வது நிமிடத்திலிருந்தே போர்ட்டோவுக்குப் பத்துப் பேர்தான். 115வது நிமிடத்தில் செர்ஜியோ ஒலிவெய்ரா தரையோடு அடித்த ஃப்ரீ கிக், குதித்த சுவரின் கால்களுக்கு அடியில் புகுந்து கோலானது. இரண்டே நிமிடத்தில் யுவென்டஸ் ஒன்றைத் திருப்பியது. மொத்தம் 4-4. இருந்தும் யுவென்டஸ் வெளியே. ஏனென்றால் போர்ட்டோவுக்கு 120 நிமிட ‘வெளியூர்’ கிடைத்தது, யுவென்டஸுக்கு 90 நிமிடம்தான் கிடைத்திருந்தது. நான் அன்று போர்ட்டோவின் பக்கம். பத்துப் பேராக அவர்கள் ஆடியதை மறக்க முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கு நேர்மையானதாக எனக்குப் படவில்லை. 2021 ஜூன் 24 அன்று யூஃபா விதியை நீக்கியது. இப்போது மொத்தம் சமமானால் 30 நிமிடம் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. கோல் எந்த ஊரில் விழுந்தாலும் ஒரே மதிப்பு.

இனி, இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில் கிடைப்பது லாபமா என்ற கேள்வி. அதற்கு இப்போதைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024-25 முதல் லீக் சுற்றில் 36 அணிகள், ஆளுக்கு எட்டு ஆட்டங்கள், ஒரே பட்டியல். முதல் எட்டு இடங்கள் நேராகக் கடைசி 16 அணிகளின் சுற்றுக்கு. 9 முதல் 24 வரை உள்ளவர்கள் பிப்ரவரியில் பிளே-ஆஃப் ஆட வேண்டும்; அதிலும் இரண்டு ஆட்டங்கள். 24க்குக் கீழே இருந்தால் அந்தப் பருவத்தின் ஐரோப்பியப் பயணமே முடிந்தது. பிளே-ஆஃபில் 9 முதல் 16 வரை உள்ள அணிகளுக்கும், அடுத்த சுற்றில் முதல் எட்டு அணிகளுக்கும் இரண்டாவது ஆட்டம் சொந்த ஊரில். உழைத்து மேலே வந்ததற்குப் பரிசு அது.

பரிசின் மதிப்பு எவ்வளவு? ‘இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடியவர்கள் அதிகம் வென்றிருக்கிறார்கள்’ என்று சொல்லும் கணக்குகளை அப்படியே நம்பாதீர்கள். அணிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து ஆடிய பழைய அமைப்பிலும் பிரிவில் முதலிடம் பிடித்த அணிக்குத்தான் அந்த வாய்ப்பு தரப்பட்டது. பலமான அணிக்கு அதைக் கொடுத்துவிட்டு, அது வென்றதும் ஊரால் வென்றது என்று சொல்ல முடியாது. என் பார்வையில் 90 நிமிடத்துக்குள் அந்த லாபம் சிறியது. உண்மையான லாபம் கூடுதல் நேரத்தில் இருக்கிறது. அந்த 30 நிமிடமும், பெனால்டியும் உங்கள் ரசிகர்கள் முன்னால் நடக்கும். முன்பு அதற்கு ஈடாக எதிரணிக்கு வெளியூர் கோல் இருந்தது. இப்போது அந்த ஈடு இல்லை.

ஆனால் லாபம் என்பது வெற்றிக்கு உத்தரவாதம் இல்லையே. 2025 மார்ச் மாதம் இரண்டு இரவுகளில் இதைக் கண்ணாரக் கண்டோம். லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது லிவர்பூல். பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், சுருக்கமாக பிஎஸ்ஜி, 15வது இடம்; ஜனவரி கடைசி வரை வெளியேறிவிடும் நிலையில்தான் இருந்தது. பிளே-ஆஃபில் பிரெஸ்ட் அணியை 3-0, 7-0 என்று நசுக்கிவிட்டு லிவர்பூலைச் சந்திக்க வந்தது. பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் பிஎஸ்ஜி 27 முறை கோலை நோக்கி அடித்தது. லிவர்பூல் கோல் கீப்பர் அலிசன் ஒன்பது முறை தடுத்தார். லிவர்பூல் மொத்தமே இரண்டு முறைதான் அடித்தது. அதில் ஒன்று, 87வது நிமிடத்தில், களமிறங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத ஹார்வி எலியட் அடித்தது. 1-0 லிவர்பூல். அநியாயம் என்று தோன்றும். ஆனால் அது இடைவேளை. ஆறு நாள் கழித்து லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 12வது நிமிடத்தில் டெம்பெலே கோல் அடித்தார். அதற்குப் பிறகு 120 நிமிடம் வரை வேறு கோல் இல்லை. பெனால்டியில், சொந்த ரசிகர்கள் சூழ்ந்திருந்தும், லிவர்பூலின் இரண்டு உதைகளை டொன்னாரும்மா தடுத்தார். 4-1. அந்த அணிதான் மே 31 அன்று மியூனிக்கில் இன்டரை 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

மறுநாள் இரவு அட்லெட்டிகோ மாட்ரிட்டின் மைதானத்தில் ரியல் மாட்ரிட். முதல் ஆட்டம் ரியலுக்கு 2-1. இங்கே முதல் நிமிடத்திலேயே அட்லெட்டிகோ கோல் அடித்து மொத்தக் கணக்கைச் சமமாக்கியது. பழைய விதி இருந்திருந்தால், அந்த 1-0 அப்படியே நின்றபோது 90 நிமிடத்தில் அட்லெட்டிகோ வென்றிருக்கும். இப்போது பெனால்டி வரை போனது. ஹூலியன் அல்வாரெஸ் உதைக்கும்போது வழுக்கினார். ஊன்றிய காலும் பந்தில் பட்டது. பந்து வலைக்குள் போனது. வீடியோ நடுவர் பார்த்து கோலை ரத்து செய்தார். ரியல் 4-2. தெரியாமல் இரண்டு முறை பட்டு கோலானால் மறுபடி அடிக்கவிட வேண்டும் என்று விதி வகுப்பவர்கள் அந்த ஜூன் மாதம் தெளிவுபடுத்தினார்கள். அட்லெட்டிகோவுக்கு அது மூன்று மாதம் தாமதம்.

இப்போது 4-0 பற்றிய கேள்வி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆட்டம் தொடங்குவது நம் நேரப்படி பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி 1.30 மணி. கூடுதல் நேரம் என்றால் நான்கு மணியாகிவிடும். நான்கு கோல் பின்தங்கிய அணி மீண்டு வந்தது 1955இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பை வரலாற்றிலும் அதன் தொடர்ச்சியான சாம்பியன்ஸ் லீக்கிலும் ஒரே ஒரு முறைதான். பெல்கிரேடின் பனியில் பார்ட்டிஸான் மூன்று வரை வந்து நின்றுவிட்டது. யூஃபா கோப்பையில் 1985இல் ரியல் மாட்ரிட் மன்ஷன்கிளாட்பாக்கிடம் 5-1 என்று தோற்று, சொந்த ஊரில் 4-0 என்று வென்று வெளியூர் கோலில் தப்பியது உண்டு. அது வேறு போட்டி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தூங்கிவிடலாம். நான் விழித்திருப்பேன், காரணம் 2017 மார்ச் 8.

மூன்று வாரம் முன்பு பாரிஸில் பிஎஸ்ஜி பார்சிலோனாவை 4-0 என்று வென்றிருந்தது. நம்மை நான்கு அடிக்க அவர்களால் முடியுமென்றால் நம்மால் ஆறு அடிக்க முடியும் என்று பார்சிலோனா பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே ஆட்டத்துக்கு முன் சொன்னார். எட்டு ஆண்டு கழித்து ஆன்ஃபீல்டில் பிஎஸ்ஜியின் பயிற்சியாளராக நின்றவரும் இவர்தான். வீட்டில் எல்லோரும் தூங்க, நான் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் சுவாரெஸ். 40வது நிமிடத்தில் பிஎஸ்ஜியின் குர்சாவா காலில் பட்டு ஒரு சுய கோல். 50வது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி. 3-0. இன்னும் ஒன்று போதும், கூடுதல் நேரம். அப்போதுதான் 62வது நிமிடத்தில் கவானி அடித்தார். 96 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அரங்கு அப்படியே அடங்கியது. ஒலியைக் குறைத்திருந்த எனக்கே அது தெரிந்தது; முகங்களில் தெரிந்தது. வெளியூர் கோல் விதிப்படி, இனி ஒன்று போதாது, இரண்டும் போதாது. மூன்று வேண்டும்.

88வது நிமிடம் வரை எதுவும் நடக்கவில்லை. பிறகு நெய்மார் ஃப்ரீ கிக், 4-1. 91வது நிமிடத்தில் சுவாரெஸ் விழுந்ததற்கு ஒரு பெனால்டி. கொடுத்திருக்கக் கூடாது என்பவர்கள் அன்றும் இன்றும் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. வீடியோ நடுவர் அப்போது வரவில்லை. நெய்மார் அடித்தார், 5-1. மொத்தம் 5-5.

இன்றைய விதி அன்று இருந்திருந்தால், பார்சிலோனா வீரர்கள் அந்த நேரத்தில் மூச்சு வாங்கியிருப்பார்கள். கூடுதல் நேரத்துக்கு ஆள் வைத்திருக்க வேண்டும், பின்னால் கோட்டை காலியாக விடக்கூடாது என்று பயிற்சியாளர் கத்தியிருப்பார். அன்றைய விதியில் 5-5 என்பது தோல்வி. அதனால்தான் கோல் கீப்பர் டெர் ஸ்டெகன் தன் கோலைத் திறந்து போட்டுவிட்டு எதிரணியின் பாதிக்கு ஓடி வந்திருந்தார். பந்து அவரிடம் வந்தது, எதிராளி அவரைத் தள்ளினார், ஃப்ரீ கிக் கிடைத்தது. அதிலிருந்து வந்த பந்தை நெய்மார் இடது காலால் உயர்த்திப் போட, செர்ஜி ரொபெர்ட்டோ பாய்ந்து காலை நீட்டினார். 95வது நிமிடம்.